பழைய மோட்டாரில் எண்ணெய்க் கசிவு

எள்ளிலிருந்து எடுத்த நெய்யை எண்ணெய் என்றனர் நம் முன்னோர். நாளடைவில் தேங்காயும் வேம்பும் தந்த நெய்களுக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. நிலத்தின் அடியிலிருந்து வந்ததை மண்ணெண்ணெய் என்றோம். இன்று மோட்டார் வண்டியின் எஞ்சினுக்குள் ஓடித் தேய்மானத்தைத் தடுக்கும் திரவத்தையும் எண்ணெய் என்றே குறிப்பிடுகிறோம். அது இருக்கவேண்டிய இடத்தை விட்டு வெளியேறுவதைக் குறிக்க நம் மொழியில் மூன்று சொற்கள் உள்ளன: கசிவு, சொட்டு, ஒழுக்கு. மோட்டார்ப் பட்டறையிலோ மூன்றையும் சேர்த்து ‘லீக்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். மூன்றும் ஒன்றல்ல என்பதை அறிந்துகொண்டால், பழைய வண்டி வைத்திருப்போர் வீண் செலவையும் வீண் கவலையையும் பெரிதும் தவிர்க்கலாம். அதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

பழைய வண்டிகளுக்கு ஹைதராபாத் நகரம் புதியதன்று. சௌமஹல்லா அரண்மனைக்குச் செல்வோர், நிஜாமுக்காக 1912-இல் உருவான மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் வண்டியைக் கண்டு வியக்காமல் திரும்புவதில்லை. ஆனால் நாம் இங்கே பேசப்போவது அரண்மனை வண்டிகளைப் பற்றியன்று. பத்மராவ் நகரிலும் மாரேட்பள்ளியிலும், தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டு முகப்பில், துணி போர்த்தி நிறுத்தியிருக்கும் அம்பாஸடரையும், பியட்டையும், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் பற்றியே பேசுகிறோம். தந்தையார் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய வண்டி. ஸ்கந்தகிரி கோவிலுக்கும், கோடை விடுமுறையில் சொந்த ஊருக்கும் குடும்பத்தையே ஏற்றிச்சென்ற வண்டி. அதன் அடியில் கருநிறக் கறை ஒன்று தோன்றியதும், ‘இனி இதற்கு வாழ்வில்லை’ என்று முடிவு கட்டிப் பழைய இரும்பாக விற்றுவிடுவோர் பலர். அவற்றுள் காப்பாற்றியிருக்கக்கூடிய வண்டிகளே மிகுதி.

விளக்கத்துக்கு அம்பாஸடரையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசையைத் தழுவி, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 1950-களின் இறுதியிலிருந்து 2014 மே மாதம் வரை உற்பத்தியான வண்டி அது. நெடுங்காலம் அதற்குள் இருந்தது 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சின். மத்திய, மாநில அரசு அலுவலகங்களின் வாயிலில் நம்மில் பலர் அதன் ஓசையைக் கேட்டே வளர்ந்தோம்.

எஞ்சினின் அடியில் தட்டையான ஓர் எண்ணெய்த் தொட்டி உண்டு. பட்டறைக்காரர்கள் அதைச் சேம்பர் என்பார்கள். அதில் ஏறத்தாழ நான்கு லிட்டர் எண்ணெய் நிற்கும். பம்பு அதை உறிஞ்சி, வடிகட்டி வழியாக, வண்டி ஓடும்போது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 50 பவுண்டு அழுத்தத்தில், கிராங்க் தண்டின் தாங்கிகளுக்கும் மேலேயுள்ள வால்வுகளுக்கும் அனுப்புகிறது. தன் பணியை முடித்த எண்ணெய், அழுத்தம் ஏதுமின்றித் தானே வழிந்து தொட்டிக்குத் திரும்புகிறது. ஆகவே எஞ்சினுக்குள் எண்ணெய்க்கு இருவகைப் பாதைகள் உண்டு என்று கொள்ளலாம். ஒன்று அழுத்தமுள்ள பாதை. மற்றொன்று அழுத்தமற்ற பாதை. வடிகட்டியின் வளையம், அழுத்தமானிக்குச் செல்லும் குழாய் ஆகியவை முதல் வகை. அவை பழுதானால் எஞ்சின் ஓடும்போது மட்டும் எண்ணெய் விரைந்து வெளியேறும்; எஞ்சினை நிறுத்தினால் விரைவில் அடங்கும். மேல்மூடி, பக்கமூடி, தொட்டியின் விளிம்பு ஆகியவை இரண்டாம் வகை. அங்கே பழுது நேர்ந்தால் எண்ணெய் மெல்லக் கசியும். வண்டி நின்ற பிறகும் வெகுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும். எப்போது வெளியேறுகிறது என்பதைக் கவனித்தாலே பாதிக் காரணம் விளங்கிவிடும்.

இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் எவ்வளவு நன்றாக இழைத்திருந்தாலும் நுண்ணிய இடைவெளி இருந்தே தீரும். அதை அடைக்கவே பாக்கிங் என்னும் அடைப்பு. அக்கால எஞ்சின்களில் மூடிகளுக்குத் தக்கையும், சுழலும் தண்டுகளுக்குக் கம்பளி நமுதாவும், பின்னர் ரப்பர் சீல்களும் இட்டார்கள். தக்கை என்பது மரப்பட்டை. எண்ணெயில் நனைந்திருக்கும்வரை மென்மையாக இருக்கும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ரப்பரோ எஞ்சினின் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்து கல்லாக இறுகும். மே மாதத்தில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் இந்நகரில், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு இந்நிலை விரைவில் வந்துவிடும். ஓடிக்கொண்டிருந்த வண்டியைவிட நிறுத்திவைத்த வண்டியே அதிகம் கசிகிறது என்று சிலர் வியப்பதற்கு இதுவே காரணம்.

இனி, கசிவின் மூலத்தைக் காணும் வழியைப் பார்ப்போம்.

முதலில், கீழே விழுந்தது எஞ்சின் எண்ணெய்தானா என்று தெளிய வேண்டும். இரவில் வண்டியின் அடியில் ஒரு பழைய அட்டையை அல்லது செய்தித்தாளை விரித்து, முன்சக்கரங்கள் இருக்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். காலையில் கறை படிந்த இடமும் அதன் நிறமும் உண்மையைச் சொல்லும். எஞ்சின் எண்ணெய் பழுப்பு அல்லது கருமை நிறமாக இருக்கும். கியர்ப் பெட்டியிலிருந்தோ பின்னச்சிலிருந்தோ வருவது பின்னே தள்ளி விழும். பல கியர் எண்ணெய்களுக்குக் கந்தகம் போன்ற கடுநெடி உண்டு. சக்கரத்தின் உட்பக்கத்திலோ பிரேக் சிலிண்டரின் அருகிலோ தெளிந்த திரவம் கண்டால் அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அவ்வாறாயின் சரிசெய்யும்வரை வண்டியை நகர்த்தக்கூடாது.

இரண்டாவதாக, அளவை மதிப்பிட வேண்டும். இங்கேதான் நம் மூன்று சொற்களும் பயன்படுகின்றன. இரும்பின் மேல் ஈரமும் தூசியும் படிந்து, தரையில் துளி விழாமல் இருந்தால் அது கசிவு. பழைய எஞ்சினுக்கு அது முதுமையின் இயல்பு. துடைத்துக் கவனித்து வந்தால் போதும். தரையில் துளிகள் விழுந்தால் அது சொட்டு. மூலத்தைக் கண்டு, வசதியான நாளில் சரிசெய்ய வேண்டும். துளிகள் இணைந்து கோடாக வழிந்தாலோ, அழுத்தமானியின் முள் இறங்கினாலோ, எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ அது ஒழுக்கு. எஞ்சினை அப்போதே நிறுத்திவிட வேண்டும். எண்ணெயின்றி ஓடும் தாங்கிகள் மிகக் குறுகிய நேரத்தில் உருகிக் கெட்டுவிடும்.

சொட்டையும் அற்பமென்று தள்ளிவிடலாகாது. ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளிகள் என்று கொண்டால், நிமிடத்துக்கு ஒரு துளி விழுந்தாலும் ஒரு நாளில் 72 மில்லிலிட்டர் ஆகும். இரு வாரங்களில் ஒரு லிட்டர் தீர்ந்துவிடும். ஆகையால் சொட்டும் வண்டியில் வாரம் இருமுறையேனும், சமதரையில், எஞ்சின் குளிர்ந்த பின் அளவுக்கோலை உருவிப் பார்க்கும் பழக்கம் இன்றியமையாதது. மேற்குறிக்கு மேல் எண்ணெயை நிரப்புவதும் பிழை. மிகுதியான எண்ணெயைச் சுழலும் தண்டு கடைந்து நுரையாக்கும். அது எல்லா வழிகளிலும் வெளியேற முயலும்.

மூன்றாவது படிதான் முதன்மையானது. எண்ணெய் விழும் இடம் வேறு. புறப்படும் இடம் வேறு. எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். வண்டி ஓடும்போது விசிறிக் காற்றும் எதிர்க்காற்றும் அதைப் பின்னே தள்ளும். ஆகவே நனைந்துள்ள பகுதிகளுள் மிக உயரமானதும் மிக முன்னே இருப்பதும் எதுவோ, அங்கேதான் தேட வேண்டும். அழுக்கேறிய எஞ்சினில் இதைக் காண இயலாது. எஞ்சின் முற்றிலும் குளிர்ந்த நிலையில், மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு தூய்மை செய்து, நன்றாக உலரவிட வேண்டும். பெட்ரோலை இதற்குப் பயன்படுத்துவது நெருப்புடன் விளையாடுவதாகும். உலர்ந்த பின் ஐயமுள்ள மூடிகளின் ஓரங்களில் சுண்ணப் பொடியையோ முகப் பவுடரையோ மெல்லியதாகத் தூவி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெண்மையின் மேல் கருங்கோடு எங்கே முதலில் தோன்றுகிறதோ அதுவே மூலம். எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து புற ஊதா விளக்கால் காணும் முறையும் இன்று உண்டு. ஆனால் நாற்பது ரூபாய்ப் பவுடரும் பொறுமையும் அதே உண்மையைச் சொல்லக்கூடும்.

இவ்வாறு தேடாமல் தீர்ப்புக் கூறுவதால் நேரும் தீங்குக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வேன். அம்பாஸடரின் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் சேரும் கூண்டின் அடியில் சிறு துளை ஒன்று உண்டு. அதில் ஒரு பிளவு ஊசி தொங்கும். கிளட்ச் இருக்கும் அக்கூண்டுக்குள் எண்ணெய் தேங்காமல் வெளியேறவே அத்துளையை அமைத்தார்கள். நண்பர் ஒருவருடைய வண்டியில் அவ்வூசியின் முனையிலிருந்து எண்ணெய் சொட்டியது. ஒரு பட்டறையில், ‘கிராங்கின் பின் சீல் போய்விட்டது, முழு எஞ்சினையும் இறக்கிப் பிரிக்க வேண்டும்’ என்று கூறிப் பெருந்தொகை கேட்டார்கள். அத்தொகைக்கு வழியில்லை; தந்தையார் நினைவாக இருந்த வண்டியை எடைக்குப் போட்டுவிட அவர் மனம் நொந்து இசைந்துவிட்டார். அதற்கு முன் ஒருமுறை, ராணிகஞ்சில் உதிரிப்பாகம் வாங்கச் சென்ற இடத்தில், அனைவரும் உஸ்தாத் என்று மரியாதையாக அழைக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டினார். பெரியவர் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, “நக்கோ கோலோ, சாப். பைலே தோக்கே தேக்கோ” என்றார். ‘பிரிக்கவேண்டாம், ஐயா. முதலில் கழுவிப் பாருங்கள்’ என்பது இந்நகரத்துத் தக்கணி உருதுவில் அதன் பொருள்.

கழுவிப் பார்த்ததில் உண்மை வெளிப்பட்டது. இவ்வகை எஞ்சினில் டேப்பட் அறைகளை மூடும் இரு தகரத் தட்டுகள், புகைக்குழாய் புறப்படும் பக்கத்தில், அதற்குப் பின்னே மறைந்திருக்கும். ஒவ்வொன்றையும் நடுவே ஒரே போல்ட்டு தாங்குகிறது. கசிவைக் கண்டவர்கள் எல்லாம் அதை மேன்மேலும் முடுக்கியிருக்கிறார்கள்; தகரம் நடுவில் குழிந்து ஓரங்களில் தூக்கிக்கொண்டது. அவ்வழியே வந்த எண்ணெய் எஞ்சினின் பின்சுவர் வழியாக இறங்கி, அதே துளையின் அருகில் வந்து சொட்டியது. தட்டுகளைக் கழற்றி, சமனான மரக்கட்டையின் மேல் வைத்துத் தட்டி நேராக்கி, சில நூறு ரூபாய் மதிப்புள்ள புதுத் தக்கைகளை இட்டதும் சொட்டு நின்றது. அவ்வண்டி இன்றும் ஓடுகிறது.

பின் சீல் ஒருபோதும் பழுதாவதில்லை என்று இதற்குப் பொருளன்று. இந்த எஞ்சினின் கிராங்க் தண்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டின் மேல் திருகுமரை போன்ற பள்ளம் வெட்டியிருக்கும். தண்டு சுழலும்போது அது எண்ணெயை உள்ளே திருப்பி ஓட்டும். தண்டு நின்றுவிட்டால் மரையும் ஓய்ந்துவிடும். எனவே சரிவில் நிறுத்திய வண்டியில் சில துளிகள் விழுவது அமைப்பின் இயல்பே. தாங்கிகள் தேய்ந்து தண்டு ஆடத் தொடங்கினால் மட்டுமே அங்கே பெருகி வரும். மேட்டில் ஏறும்போது எஞ்சின் இரைச்சல் உயர்ந்தும் வண்டி வேகம் கொள்ளாவிட்டால், கிளட்ச் எண்ணெயில் நனைந்து வழுக்குகிறது என்று ஐயுறலாம். அப்போது எஞ்சினை இறக்குவது நியாயம். அதுவரை, கிளட்ச் மாற்றவேண்டிய நாள் வரும்போது இரண்டையும் சேர்த்துச் செய்வதே சிக்கனம்.

எந்தச் சீலையும் மாற்றுமுன் பார்க்கவேண்டியது மூச்சுக்குழாய். சிலிண்டரில் வெடிக்கும் வாயுவில் சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும். அது வெளியேறவே மூச்சுக்குழாய் உள்ளது. அது கசடால் அடைபட்டால் எஞ்சினின் வயிற்றில் காற்றழுத்தம் கூடி, நல்ல சீல்களின் வழியாகவும் எண்ணெயைப் பிதுக்கும். எஞ்சின் மெல்ல ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் மெல்லிய காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். காகிதம் படபடவென்று தூக்கியெறியப்பட்டு, நீலப்புகையும் வந்தால் உள்ளே அழுத்தம் மிகுந்துள்ளது. குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் பொருத்திய பின்னும் நிலை மாறாவிட்டால், வளையங்கள் தேய்ந்துவிட்டன எனலாம். அந்நிலையில் எத்தனை பாக்கிங் மாற்றினாலும் பயனில்லை.

பழுது நீக்குவதில் எளிதிலிருந்து கடினத்துக்குச் செல்வதே முறை. தொட்டியின் வடிகால் போல்ட்டில் உள்ள செம்பு வாஷரைப் பாருங்கள். இறுகிய செம்பைச் செந்நிறமாகச் சுடவைத்து நீரில் ஆற்றினால் மீண்டும் மென்மையாகும். புதியதை இடுவது இன்னும் நன்று. அடுத்து வடிகட்டியின் ரப்பர் வளையம். பழைய வளையம் பள்ளத்தில் ஒட்டிக்கிடக்க, அதன்மேல் புதியதை வைத்துவிடுவதே இங்கு அடிக்கடி நேரும் தவறு. பிறகு மேல்மூடியின் தக்கை. அதன் இரு நட்டுகளையும் கைக்கு அடக்கமாக, மாறிமாறிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். வலிமை கூடினால் அடைப்பு உறுதியாகும் என்பது பொய். தக்கை பிதுங்கி வெளியே வந்துவிடும். தொட்டியின் விளிம்பிலும் போல்ட்டுத் துளைகளைச் சுற்றித் தகரம் குவிந்திருக்கும். அதைச் சமனாக்காமல் புதுப் பாக்கிங் போடுவது பயனற்றது.

முன்பக்க டைமிங் மூடியின் சீல் சற்று நுட்பமானது. சீலை மாற்றிய பின், மூடியின் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, கப்பியை முதலில் ஏற்றி, சீல் தண்டின் நடுவில் தானே அமைந்த பிறகே போல்ட்டுகளை முடுக்க வேண்டும். கப்பியின் கழுத்தில் பழைய சீல் பள்ளம் அரித்திருந்தால் புதுச் சீலும் அங்கே நிற்காது. கழுத்துக்கு மெல்லிய உறையிடுவதோ கப்பியை மாற்றுவதோ தேவைப்படும். ஒட்டுப்பசையை எங்கும் அள்ளிப் பூசுவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். உள்ளே பிதுங்கும் பசை உரிந்து, பம்பின் வலையை அடைத்து, கசிவைவிடப் பெரிய கேட்டை விளைக்கும். இவ்வெஞ்சின்களுக்குப் பொதுவாக 20டபிள்யூ50 தரமுள்ள கனிம எண்ணெயே ஏற்றது. புது வண்டிகளுக்குரிய மிக மெல்லிய எண்ணெய், கனமான எண்ணெய் நுழையாத இடுக்குகளிலும் நுழைந்து வெளியேறும்.

வேலையில் இறங்குவோர் உயிருக்கான விதிகளை மறவாதிருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் தலை வைக்கலாகாது. உறுதியான தாங்குகால்கள் வேண்டும். ஓடும் எஞ்சின் அருகே வேட்டி முனையோ துண்டோ தொங்கக்கூடாது. சூடான புகைக்குழாயின் மேல் எண்ணெய் வழிந்து புகைவதை அசட்டை செய்தல் கூடாது. தீவிபத்துக்கு அதுவே தொடக்கம்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவதும் கூடாது. 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் அதை அபாயக் கழிவு என்று வகுத்துள்ளன. தெருவில் சிந்தியது மழைநீருடன் கால்வாய்க்கும், இப்ராஹிம் குதுப் ஷா காலத்தில் எழுந்த ஹுசேன் சாகர் ஏரிக்கும், மூசி ஆற்றுக்கும் போய்ச் சேரும். கலனில் சேர்த்து, மறுசுழற்சிக்கு எடுத்துச் செல்வோரிடம் ஒப்படைக்க வேண்டும்.

சட்டமும் இவ்விஷயத்தில் நம்மைத் தொடுகிறது. 15 ஆண்டு கடந்த சொந்த வண்டி, தகுதிச் சோதனையில் தேறினால்தான் அதன் பதிவு புதுப்பிக்கப்படும். 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனிப் பதிவு முறையை வகுத்தது; அவற்றைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம், நாள்தோறும் ஓட்டலாகாது. எவ்வழியானாலும் எண்ணெய் ஒழுகும் வண்டியைச் சோதனைக்குக் கொண்டு செல்வது அறிவுடைமையன்று.

இறுதியாக, வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு மொழி பற்றியும் ஒரு வார்த்தை. பட்டறையில் நம் குறையைச் சரியாகச் சொல்லத் தெரியாததால் இழக்கும் பணம் கொஞ்சமன்று. தெலுங்கில் ‘காருதோந்தி’ என்றால் ஒழுகுகிறது என்று பொருள். தக்கணியில் ‘டபக்ரா’ என்றால் சொட்டுகிறது என்று பொருள். ஆனால் ஒழுகுகிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்த இடத்தில் முதலில் நனைகிறது, ஓடும்போதா நின்றபிறகா, வாரத்துக்கு எவ்வளவு குறைகிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு செல்லுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவரிடம் ‘முழு எஞ்சினையும் இறக்கவேண்டும்’ என்று எளிதில் சொல்ல எவரும் துணியமாட்டார். உண்மையாகவே இறக்க வேண்டியிருந்தால், அதற்கான காரணத்தையும் அவர் உங்களுக்குக் காட்டியே தீரவேண்டியிருக்கும்.